அவள் ஒரு தடவை சொன்னால் போதும்

கணவனிடம் அடி வாங்கி, தளிப் பக்கம் அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்த ஒரு பெண்ணோடு ஒருநாள் முழுக்க அலைந்தேன். குடித்தனம் இருந்தது ஆனேக்கல்லில். இடது கண் வீங்கி மூடிக்கிடந்தது. முதலில் போன ஸ்டேஷனில், "நடந்தது கர்நாடகாவில, அங்க போய் எழுதிக் கொடுங்க" என்றார்கள். பஸ் பிடித்து அங்கே போனால், "இப்ப எங்க இருக்கீங்களோ அங்க கொடுங்க" என்றார்கள். கேஷுவாலிட்டி, வக்கீல், ஊர்ப் பெரியவர் என்று அஞ்சு இடத்தில் அஞ்சு தடவை முதலிலிருந்து சொன்னாள். ஆறாவதாக ஒரு அம்மா கேட்டபோது, "ஒண்ணுமில்லக்கா, படியில விழுந்துட்டேன்" என்றாள். அன்றைக்கு ராத்திரி பையனின் பழைய நோட்டில் கோடு போட்டு, எதற்கு யாரிடம் போக வேண்டும் என்று எழுத ஆரம்பித்ததுதான் எங்கள் வேலை.

ஒசூர்ப் பக்கம் மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டமைப்பில் இருக்கிறேன். ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, அதாவது கர்நாடகா. பெண் கொடுப்பது, எடுப்பது, கம்பெனி வேலை எல்லாம் இரண்டு பக்கமும் கலந்துதான். அடி மட்டும் எல்லை பார்ப்பதில்லை, அலுவலகங்கள் பார்க்கும். உங்கள் ஊரும் இப்படி இரண்டு மாவட்டத்துக்கோ இரண்டு மாநிலத்துக்கோ நடுவில் இருந்தால், நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

நோட்டில் அலுவலகத்தை எழுதாதீர்கள், ஆளை எழுதுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு பக்கம்: பெயர், நம்பர், எந்த ஷிஃப்ட், என்ன பாஷை பேசுவார், மாற்றலாகிப் போனால் அடுத்து யார். பென்சிலில்தான் எழுத வேண்டும். நோட்டின் முன்பக்கம் தமிழ்நாடு, திருப்பிப் பிடித்தால் கர்நாடகா. இங்கே குடும்ப வன்முறைச் சட்டத்துக்கான பாதுகாப்பு அலுவலர் சமூக நலத் துறையில், மாவட்டத் தலைநகரில் இருப்பார். அந்தப் பக்கம் போய் "பாதுகாப்பு அலுவலர் எங்கே?" என்று நாங்கள் கேட்டபோது யாருக்கும் தெரியவில்லை. அங்கே அந்தப் பொறுப்பு தாலுகா அளவில் சி.டி.பி.ஓ.விடம், அங்கன்வாடிகளைப் பார்க்கிற அதே அதிகாரியிடம். ஒரு அங்கன்வாடி டீச்சர் சொல்லித்தான் தெரிந்தது. அதிலிருந்து புது ஊரில் எதைக் கேட்டாலும் முதலில் அங்கன்வாடியில்தான் கேட்கிறேன்.

அடுத்தது காகிதங்களின் பெயர். இங்கே ஸ்டேஷனில் புகார் கொடுத்தால், அதை வாங்கியதற்கு சி.எஸ்.ஆர். ரசீது கேட்போம். அங்கே சி.எஸ்.ஆர். என்றால் விழிப்பார்கள், 'ஹிம்பரஹ' என்று கேட்க வேண்டும். காயத்தைப் பற்றிய ஆஸ்பத்திரிப் பதிவை நம் ஜி.எச்.சில் ஏ.ஆர். என்பார்கள், அங்கே எம்.எல்.சி. இப்படி ஒரு பத்து வார்த்தையைத் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் எழுதி அட்டையின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். சின்ன விஷயம்தான். ஆனால் சரியான வார்த்தையைச் சொன்னால் எதிரே இருப்பவர் பேனாவை எடுப்பார், இல்லையென்றால் "நாளைக்கு வாங்க" என்பார்.

அந்தப் பெண்ணை இரண்டு பக்கமும் திருப்பி அனுப்பியது சட்டப்படி தப்பு. 2005ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவைப் படியுங்கள். அவள் இப்போது தங்கியிருக்கிற இடம், தற்காலிகமாகத் தங்கியிருந்தாலும் சரி, அங்கே உள்ள மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போடலாம். கணவன் இருக்கிற இடத்திலும் போடலாம், சம்பவம் நடந்த இடத்திலும் போடலாம். அந்த உத்தரவு இந்தியா முழுக்கச் செல்லும். 4ஆம் பிரிவுப்படி அவளுக்காக நீங்களே பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுக்கலாம். கிரிமினல் புகார் என்றால் சீரோ எஃப்.ஐ.ஆர். இருக்கிறது: எந்த ஸ்டேஷனிலும் பதிந்து, உரிய ஸ்டேஷனுக்கு அவர்களே அனுப்ப வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதுச் சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) இது 173ஆம் பிரிவிலேயே இருக்கிறது. இரண்டு பிரிவையும் இங்கிலீஷிலும் கன்னடத்திலும் ஜெராக்ஸ் எடுத்துப் பையில் வைத்திருக்கிறேன். சண்டை போடுவதில்லை. "சார், இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று நீட்டுவேன். வாதாடுவதைவிட இதில் வேலை சீக்கிரம் நடக்கிறது.

இப்போது முக்கியமான ஒரு தாள். முதலில் அவளைப் பார்க்கிறவர், அவள் சம்மதத்தோடு, அவள் சொன்ன வார்த்தையிலேயே ஒரு பக்கம் எழுத வேண்டும். 'கணவர் தாக்கினார்' என்று நாகரிகமாக மாற்றக் கூடாது. 'குக்கர் மூடியால அடிச்சாரு, செவ்வாக்கிழமை, புள்ளைங்க முன்னாடி' என்றால் அதையே எழுத வேண்டும். வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கி, மூலத்தை அவளிடமே கொடுத்துவிடுங்கள். அடுத்த மேஜையில் அவள் வாய் திறக்குமுன் தாள் பேசும். அப்படியும் கேள்வி கேட்பார்கள், ஆனால் விட்டுப்போனதை மட்டும் கேட்பார்கள். பாதுகாப்பு அலுவலர் சம்பவ அறிக்கைக்கான படிவம் 1 நிரப்பும்போதும் இது கை கொடுக்கும்.

இதில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். வேகமாகப் போகட்டும் என்று அந்தத் தாளைப் படம் எடுத்து எங்கள் வாட்ஸாப் குழுவில் போட்டேன். குழுவில் இருந்த ஒருவருக்கு அவளுடைய கொழுந்தன் கூட்டாளி. சாயங்காலத்துக்குள் அவள் தங்கியிருந்த வீட்டு வாசலில் இரண்டு பைக். நல்லவேளையாக அவளை முன்பே வேறு இடத்துக்கு அனுப்பியிருந்தோம். அதிலிருந்து குழுவில் பெயர் கிடையாது, ஒவ்வொரு பெண்ணுக்கும் நாங்கள் கொடுக்கிற எண் மட்டும்தான்: '14, ஜி.எச்., ஆள் வேணும்.' தங்குமிடம் எங்கேயும் எழுதப்படாது, என் நோட்டிலும்கூட.

மாதம் ஒரு தடவை உட்காருகிறோம், ஒரு மாதம் இந்தப் பக்கம், ஒரு மாதம் அந்தப் பக்கம். மேடை, பொன்னாடை, போட்டோ கிடையாது. பெரிய அதிகாரியைக் கூப்பிட்டால் அவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். எனக்கு வேண்டியது ஏட்டம்மா, நைட் டூட்டி நர்ஸ், இலவச சட்ட உதவிக்கு வருகிற வக்கீல். (பெண்களுக்கு அந்த உதவி வருமானம் பார்க்காமல் கிடைக்கும், 15100க்குக் கூப்பிடலாம்.) கேட்பது ஒரே கேள்வி: போன மாதம் எந்த எண் எந்த மேஜையில் நின்றது? முகூர்த்த மாதங்களுக்கு முன்னால் குழந்தைத் திருமணத்தையும் சேர்த்துப் பேசுவோம். இங்கே தடுத்தால் அங்கே கோயிலில் வைத்துவிடுவார்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்குத் தகவல் சொல்லும்போதே எதிர்ப்பக்கத்து ஆளுக்கும் சொல்லிவிட வேண்டும்.

பெண்கள் மீதான வன்முறை ஒழிப்பு நாள் என்று நவம்பர் 25இல் ஊர்வலம் போகிறார்கள், நானும் போவேன். ஆனால் ராத்திரி பதினொன்றுக்குப் போனை எடுக்கிற ஆள்தான் எனக்கு ஒருங்கிணைப்பு. பெண்கள் உதவி எண் 181ஐ எல்லாரிடமும் சொல்லுங்கள். எல்லையில் மட்டும் ஒரு எச்சரிக்கை: ஒருதடவை ஜூஜூவாடியிலிருந்து கூப்பிட்டேன், எதிர்முனையில் கன்னடம். ராத்திரிக்கு இரண்டு பாஷையும் பேசுகிற ஒருவர் வேண்டும். எங்களுக்கு ஒரு பூக்கடைக்கார அக்கா கிடைத்தார்.

கையில் கொஞ்சம் காசும் வைத்திருங்கள். நம் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கர்நாடகாவில் 'சக்தி' திட்டம் இருக்கிறது, ஆனால் அந்த மாநிலத்துப் பெண் என்று காட்ட அடையாள அட்டை வேண்டும். அடி வாங்கி ஓடி வருகிறவளின் ஆதார் பெரும்பாலும் கணவன் பீரோவில் இருக்கும். கூட்டமைப்பில் தீர்மானம் போட்டு, ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் என்று தனியாக ஒரு டப்பா வைத்திருக்கிறோம்.

கோர்ட் உத்தரவு வந்ததும் நோட்டில் அந்த எண்ணை அடித்துவிடாதீர்கள். ஏழாம் நாள், முப்பதாம் நாள் அவளோடு பேசுங்கள். பாதுகாப்பு உத்தரவை மீறினால் 31ஆம் பிரிவுப்படி ஒரு வருடம் வரை சிறை உண்டு, அது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். திரும்பப் போய்ச் சேர்ந்து வாழ்கிறாளா? திட்டாதீர்கள், அப்போதும் பேசுங்கள். எண் 14 இரண்டு தடவை திரும்பிப் போனாள். மூன்றாம் தடவை வந்தபோது பழைய தாளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரவிக்கைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.