ஊட்டிக் குளிரில் ‘டேக் மீ அவுட்’ வாசிக்க

ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் குழுவின் ‘டேக் மீ அவுட்’ பாட்டை மேடையில் எடுக்கிற பேண்டுகள் சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். பாட்டு தொடங்கி ஒரு நிமிடம் ஆவதற்குள் வேகம் படிப்படியாக இறங்கி, கனமான ரிஃப்பில், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியில், வந்து நிற்கும். ரிஃப் சுலபம், ஒரு சாயங்காலத்தில் கைக்கு வந்துவிடும். அந்த இறக்கத்துக்கு மட்டும் தனியாக ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து ராக் குழு இது, அப்போது நால்வர். 2004 ஜனவரியில் வந்த இந்தப் பாட்டு பிரிட்டிஷ் சிங்கிள்ஸ் பட்டியலில் 3-ம் இடம் வரை போனது. அதே ஆண்டு இவர்களின் முதல் ஆல்பம், ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான பிரிட்டனின் மெர்க்குரி பரிசை வென்றது. பாட்டை உருவாக்கும்போது சரணம் வேகமாக வாசித்தால் நன்றாக இருந்தது, பல்லவி மெதுவாக வாசித்தால்தான் எடுத்தது. இரண்டையும் மாற்றி மாற்றி வைக்காமல், வேகமான பகுதி முழுவதையும் முன்னால் வைத்துவிட்டு மெதுவான பகுதிக்கு இறங்கினார்கள். இது தெரிந்தால் இறக்கத்தை அலங்காரமாக நினைத்து அவசரப்படுத்த மாட்டீர்கள். பாட்டின் இரண்டு பாதிகளையும் இணைக்கிற பாலம் அது.

முன்பகுதி நிமிடத்துக்குச் சுமார் 144 பீட், பின்பகுதி சுமார் 105. முதலில் பின்பகுதியை மட்டும் 105-ல் கிளிக் (மெட்ரோனோம் தட்டு) வைத்துப் பத்து நிமிடம் விடாமல் வாசியுங்கள். கிளிக்கை நிறுத்திய பிறகும் எல்லோர் காலும் அதே வேகத்தில் தட்ட வேண்டும். போய்ச் சேர வேண்டிய இடம் உடம்பில் பதிந்தால்தான் இறக்கம் சரியாக வரும். பிறகு இறக்கத்தைப் படிகளாக உடையுங்கள்: 144, 132, 120, 112, 105. ஒவ்வொன்றிலும் இரண்டு பார் (நான்கு பீட் சேர்ந்தது ஒரு பார்). படிகள் பழகியதும் கிளிக் இல்லாமல் ஒரே சரிவாக வாசிக்கலாம்.

இறக்கத்தை நடத்துவது டிரம்மர் ஒருவர் மட்டுமே. கிட்டார்காரர்கள் அவர் கையைப் பார்க்க வேண்டும், பேஸ் கிட்டார் வாசிப்பவர் அவர் கிக் டிரம்மை மிதிக்கிற காலைப் பார்க்க வேண்டும். ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் கடைசி அடி சிதறும். மேடைப் பதற்றத்தில் 115-லேயே நின்றுவிடுவதுதான் அடிக்கடி நடக்கிற தப்பு. அப்போது ரிஃப்பின் கனம் போய்விடும், கூட்டத்துக்கும் கூடவே பாட வாய் வராது. ஒவ்வொரு ஒத்திகையையும் போனில் பதிவுசெய்து, ரிஃப்பின் முதல் நான்கு பாரை டெம்போ ஆப்பில் தட்டிப் பாருங்கள். 102-க்கும் 108-க்கும் நடுவில் இருந்தால் போதும்.

கிட்டாரில் பிரிட்ஜ் பிக்கப் (தந்தி முடிகிற பக்கத்து ஒலிவாங்கி), ஆம்பில், அதாவது ஆம்ப்ளிஃபயரில், ஒலியைக் கரகரப்பாக்கும் கெயின் 10-க்கு 3 அல்லது 4. அந்தக் கரகரப்பை (டிஸ்டார்ஷன்) ஏற்றினால் இரண்டு கிட்டாரும் கலந்து குழம்பிவிடும். ரிஃப்பைக் கீழ்நோக்கிய அடியிலேயே வாசியுங்கள். ஒவ்வொரு சுரத்துக்குப் பிறகும் இடது கையைத் தளர்த்தித் தந்தியை அடக்க வேண்டும். சுரங்களுக்கு நடுவில் விழுகிற அந்த நிசப்தம்தான் ஆட வைக்கிறது. ஊட்டியில் உயரமான கூரை போட்ட பழைய ஹால் கிடைத்தால் ஆம்பில் எதிரொலி சேர்க்கும் ரிவர்பை முழுக்க அணைத்துவிடுங்கள், அங்கே எதிரொலி ஏற்கெனவே இருக்கும். பேஸ் புதிதாகக் கற்றவர் தயங்க வேண்டாம். ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டின் பேஸ் வாசிப்பாளர் பாப் ஹார்டியே இந்தக் குழுவில் சேர்ந்த பிறகுதான் பேஸ் கற்றுக்கொண்டார்.

இனி குளிர். சில்லென்று இருக்கிற கிட்டாரை ஜனம் நிறைந்த, கதகதப்பான ஹாலுக்குள் கொண்டுவந்து உடனே பெட்டியைத் திறந்தால் மேலெல்லாம் ஈரம் பூக்கும். உள்ளே வைத்து அரைமணி நேரம் கழித்துத் திறங்கள். ஆம்புக்கும் இதே விதி, ஈரம் காயாமல் சுவிட்ச் போடக் கூடாது. குளிரில் இறுகி நிற்கிற தந்தி மேடை விளக்குச் சூட்டில் தளர்ந்து சுருதி இறங்கும். அதனால் வெளியே ஒருமுறை டியூன் செய்திருந்தாலும், விளக்குக்குக் கீழே ஐந்து நிமிடம் நின்ற பிறகு இன்னொரு முறை டியூனரைப் பாருங்கள். டிரம்மைப் பறை மாதிரி தீயில் காய்ச்ச நினைக்காதீர்கள், அதன் தோல் பிளாஸ்டிக். டிரம் கீயால் (தோலை இறுக்கும் சாவி) சுற்றிலும் கால் கால் திருப்பாக இறுக்கினால் போதும்.

விரல் மரத்துப்போனால் இறக்கம் நிச்சயம் கெடும். மேடைக்குப் போகும் வரை விரல் நுனி வெட்டிய கம்பளிக் கையுறையைக் கழற்றாதீர்கள். ஒரு பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி ஆளுக்குப் பத்து நிமிடம் பிடித்துக்கொள்ளலாம்.

ஆம்ப் செருகுகிற லைனில் ரூம் ஹீட்டரைப் போட விடாதீர்கள். வோல்டேஜ் இறங்கும், ஆம்பின் சத்தமும் தொய்யும். எர்த் இல்லாத இரண்டு பின் பிளக்கில் ஆம்பைச் செருகி மைக்கில் வாய் வைத்தால் உதட்டில் ஷாக் அடிக்கலாம், உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். மூன்று பின் சாக்கெட்டும் எர்த்தும் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் டெஸ்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இல்லை என்றால் அந்த இடத்தில் வாசிக்க வேண்டாம்.

முடிந்ததும் தந்திகளைக் காய்ந்த துணியால் அடிப்பக்கம் வரை துடைத்து, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு மூடுங்கள். பனிமூட்ட மாதங்களில் துடைக்காமல் விட்ட தந்தி சீக்கிரமே துருப்பிடித்து, விரலில் சொரசொரவென்று உரசும்.