ஊர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிவிழாவா? பந்தலில் இருந்து தொடங்காதீர்கள்

இரண்டு அறை, ஒரு காவலர், நாலைந்து கண்ணாடிப் பெட்டி, வாசலில் ஒரு நடுகல். இந்த அளவில் இருக்கும் உங்கள் ஊர் அருங்காட்சியகத்துக்கு 25 வருடம் நிறையப்போகிறது என்றால் முதல் வேலை பதிவேட்டை எடுப்பது. எந்தப் பொருள் எப்போது வந்தது, யார் கொடுத்தது, எந்தக் கொல்லையில் கிடைத்தது என்று எழுதிவைத்த அந்தப் பழைய நோட்டைப் பொருட்களோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். இதை ஆறு மாதம் முன்னாலேயே செய்துவிட்டால் அழைப்பிதழ் பட்டியலும் அதிலிருந்தே கிடைத்துவிடும். உழும்போது முதுமக்கள் தாழி தட்டுப்பட்டதும் ஓடிவந்து சொன்ன விவசாயி இன்று இல்லாமல் போயிருக்கலாம், பேரன் திருப்பூரில் வேலை பார்ப்பார், அவரைத் தேடிக் கூப்பிட்டு மேடையில் உட்கார வையுங்கள். வேறு எந்தச் சிறப்பு விருந்தினரையும்விட அவர் வந்து நிற்பது பெரிது.

அடுத்து நாள். திறந்த தேதியிலேயே நடத்த வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை என்றால் மழை, மார்ச் என்றால் பொதுத்தேர்வு, அப்புறம் அம்மன் கோயில் கொடை வேறு. பொங்கல் முடிந்த மறுவாரம் எனக்குப் பிடித்த காலம். இல்லாவிட்டால் மே 18, உலக அருங்காட்சியக நாள். வெயில்தான், ஆனால் வெளியூரில் இருப்பவர்கள் பிள்ளைகளோடு ஊரில் இருப்பார்கள்.

சரி, நிகழ்ச்சி என்ன வைப்பது? வீட்டுப் பொருட்களை வைத்தே ஒரு கண்காட்சி நடத்துங்கள். பரணில் கிடக்கும் மரக்கால், எழுத்தாணி, பாக்குவெட்டி, பழைய கல்யாணப் பத்திரிகை, கிரயப் பத்திரம், கறுப்பு வெள்ளைப் படம் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள். வாங்கும்போதே கொடுப்பவரின் கண்ணெதிரில் இரண்டு பக்கமும் படம் எடுத்து, கீறல் உடைசல் இருந்தால் குறித்து, திருப்பித்தரும் தேதி போட்டு ரசீது கொடுத்துவிட வேண்டும். தங்கம், வெள்ளி வாங்கவே வாங்காதீர்கள். மண்ணுக்கடியில் கிடைத்த பழங்காசு, சிலை என்று யாராவது வந்தால் அதை மேசையில் வைத்துவிடாமல் வி.ஏ.ஓ.வையோ தாசில்தாரையோ பார்க்கச் சொல்லுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அதை ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

பிள்ளைகளுக்குச் சொற்பொழிவு வேண்டாம். ஒரு மூட்டை நெல்லைக் கொட்டி அளக்க விடுங்கள். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். கையால் அளந்த பிள்ளை இதை மறக்காது. பக்கத்திலேயே ஒரு பாட்டியை உட்கார வைத்துவிட்டால் கூலிக்கு எத்தனை படி வாங்கினோம் என்று அவரே சொல்லத் தொடங்கிவிடுவார், அதைச் செல்போனில் பதிவு செய்ய ஒருவரை அப்போதே நிறுத்திவையுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் அது நடக்காது.

கல்வெட்டு இருந்தால் மைப்படி எடுத்துக் காட்டச் சொல்லலாம். மாவட்டத் தொல்லியல் அலுவலரையோ அருகில் உள்ள அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியரையோ இரண்டு மாதம் முன்பே கடிதத்தோடு பாருங்கள். கல்லைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்தில் இறக்கி, மேலே மை ஒற்றும்போது கறுப்பில் வெள்ளையாக எழுத்து எழும். அந்த நிமிடத்தில் கூட்டம் அமைதியாகிவிடும், நானே பார்த்திருக்கிறேன். தெரியாதவர்கள் இதில் கை வைக்கக் கூடாது.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் உதவிக்குப் போன ஒரு விழாவில் நடுகல்லைச் 'சுத்தம்' செய்கிறோம் என்று வயர் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டார்கள். வீரனின் முகம் மழுங்கிப்போனது. அது இனி வராது. எண்ணெய், சந்தனம், குங்குமம், சுண்ணாம்பு, பெயின்ட் எதுவும் கல்லில் படக்கூடாது, மாலை போட ஆசைப்பட்டால் முன்னால் ஒரு மணை போட்டு அதில் வையுங்கள். குத்துவிளக்கு வாசலோடு நிற்கட்டும், டீயும் வடையும் பந்தலில். ஓலைச்சுவடிப் பெட்டிமேல் போகஸ் லைட் அடிக்காதீர்கள்.

பணத்துக்குப் பொன்னாடைச் செலவைக் குறையுங்கள். ஒரு காட்சிப்பெட்டிக்குக் கண்ணாடி, ஒரு பீரோ, ஒரு ஸ்கேனர் என்று குறிப்பிட்டுக் கேட்டால் ஊர்க்காரர்கள் மனசாரத் தருவார்கள்.

விழா முடிந்த ஒரு வாரத்துக்குள் இரவல் வாங்கியதை எல்லாம் வீடு வீடாகப் போய்க் கொடுத்து ரசீதில் கையெழுத்து வாங்குங்கள். அப்போது 'இது அங்கேயே இருக்கட்டும்' என்று ஒன்றிரண்டு பேராவது சொல்வார்கள். அன்றைக்கே பதிவேட்டில் புது எண் போட்டு, கொடுத்தவர் பெயரோடு எழுதிவிடுங்கள்.