பழுப்பு நீரில் டாஃப்னியா: குஞ்சுக் கணக்கு எங்கே பிசகுகிறது?

இலைச்சருகு மட்கிக் கரைந்து நீரைப் பழுப்பாக்கும் கரிமப் பொருள், டாஃப்னியா மேக்னா என்ற நீர்த்தெள்ளின் குஞ்சு எண்ணிக்கையைக் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும். தாய் விலங்குகள் போடும் குஞ்சுகளை எண்ணும் 21 நாள் சோதனைக்கு ஓஇசிடி 211 என்ற சர்வதேச வழிகாட்டுதல் இருக்கிறது. அந்தச் சோதனையில் முடிவு தடுமாறினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது நீரைத் தயாரித்த விதத்தை.

ஹியூமிக் பொருள், அதாவது மட்கிய பழுப்புக் கரிமப் பொருள், பொடியாகக் கிடைக்கும். அந்தப் பொடியை நிறுத்து நீரில் போட்டு, அந்த எடையையே கார்பன் அளவாக எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஹியூமிக் பொருளின் எடையில் ஏறத்தாழப் பாதிதான் கார்பன். 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டி, கரைந்த கரிமக் கார்பனை அளந்தே எழுதுங்கள். வடிதாளும் கார்பன் கசியவிடும் என்பதால் முதலில் தூய நீரால் அலசிக் கொட்டிவிட வேண்டும். கடையில் விற்கும் ஹியூமிக் அமிலம் பெரும்பாலும் பழுப்பு நிலக்கரியிலிருந்து எடுத்தது. அதை ஆற்றுநீருக்கு ஈடாகக் கொள்ள முடியாது. ஒப்பீட்டுக்கு அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துச் சுவானி ஆற்றிலிருந்து எடுத்த கரிமப் பொருளே வழக்கம்.

கரைசல் அமிலமாக இருக்கும். சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுச் சரிசெய்தால், அதே அளவு சோடியத்தை உப்பாகக் கட்டுப்பாட்டுக் குடுவையிலும் (கரிமப் பொருள் சேர்க்காமல் ஒப்பீட்டுக்கு வைப்பது) சேருங்கள். இல்லையென்றால் நீங்கள் ஒப்பிடுவது உப்பைத்தான்.

டாஃப்னியா வளர்க்கப் பயன்படும் எம்4 என்ற செயற்கை நீரில், உலோகத்தைப் பிடித்துவைக்கும் இடிடிஏ என்ற வேதிப்பொருள் இருக்கிறது. கரிமப் பொருள் தாமிர நச்சைத் தணிக்கிறதா என்று பார்க்க அந்த நீர் உதவாது. உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் வேலையை இடிடிஏ முன்பே முடித்துவிடும்.

உணவிலும் குழப்பம் வரும். கரிமப் பொருளைத் தின்று பாக்டீரியா பெருகும். டாஃப்னியா அதையும் வடிகட்டித் தின்னும். பாசியை ஒரு விலங்குக்கு நாளொன்றுக்கு 0.1 முதல் 0.2 மி.கி. கார்பன் என்று துல்லியமாகக் கொடுத்தும் குஞ்சு கூடினால், அது வெறும் கூடுதல் சாப்பாடாக இருக்கலாம். வாரம் மூன்று முறை நீரை மாற்றுங்கள். விலங்கில்லாத குடுவை ஒன்றை வைத்து பாக்டீரியாவையும் எண்ணுங்கள். இருப்புக் கரைசல் 4 டிகிரியில், இருட்டில் இருக்கட்டும். வெளிச்சம் பட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும்.

கடைசித் தவறு, குஞ்சுகளின் மொத்தத்தை மட்டும் எண்ணுவது. 20 டிகிரியில் முதல் ஈடு (ஒரே முறையில் பிறக்கும் குஞ்சுக் கூட்டம்) 8 முதல் 10 நாளில் வரும், அடுத்தடுத்தவை சுமார் மூன்று நாளுக்கு ஒன்று. முதல் ஈடு மூன்று நாள் தள்ளிப்போனாலே கடைசி ஈடு 21 நாளுக்கு வெளியே போய், மொத்தம் சரியும். ஆனால் எந்த ஈட்டிலும் குஞ்சு குறைந்திருக்காது. ஆகவே முதல் ஈட்டின் நாள், ஈட்டுக்கு ஈடு உயிருள்ள குஞ்சுகள், செத்தவை, கலைந்த முட்டைகள் என்று அட்டவணையில் தனித்தனி நெடுவரிசையில் பதியுங்கள். கட்டுப்பாட்டில் தாய் ஒன்றுக்குச் சராசரி 60 குஞ்சு வராவிட்டாலோ, தாய்களில் 20 சதவீதத்துக்கு மேல் செத்தாலோ அந்தச் சோதனை செல்லாது.