நாட்டுக்கு என் பங்கு எவ்வளவு? ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதிப் பார்க்கும் முறை

போன மாரியில் சிரமதானத்துக்கு, ஊர் கூடிச் சம்பளமில்லாமல் செய்யும் பொதுவேலைக்கு, கூப்பிட்டபோது என் தங்கையின் மகன் கேட்டான்: "பெரியம்மா, இந்த நாடு எங்களுக்கு என்ன செய்தது என்று நான் கான் அள்ள வேணும்?"

எனக்குக் கோபம் வரவில்லை. 1990இல் இதே திருகோணமலையில் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடியவர்கள் நாங்கள். திரும்பி வந்தபோது பூட்டும் இல்லை, கதவும் இல்லை, கூரையும் இல்லை. அவன் கேட்ட கேள்வியை நானும் பல வருடம் மனதில் வைத்திருந்தேன். ஆனபடியால் அவனுக்குப் புத்தி சொல்லாமல் ஒரு சீ.ஆர். கொப்பியைக் கையில் கொடுத்து எழுத வைத்தேன். நான் தையல்காரி. எங்கள் பகுதி மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் ஒன்பது வருடமாகச் செயலாளர். கணக்கு எழுதித்தான் எனக்கு எதுவும் விளங்கும். உங்களுக்கும் உதவலாம் என்று அந்த முறையை இங்கே சொல்கிறேன்.

கொப்பியின் முதல் பக்கத்தில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் "என் பாடு", வலப்பக்கம் "எல்லார் பாடு". என்ன உடுப்பது, எந்தக் கோயிலுக்குப் போவது, போகாமலே விடுவது, யாரைக் கலியாணம் கட்டுவது, யாருக்கு வாக்குப் போடுவது, ஊரில் இருப்பதா வெளிநாடு போவதா, எல்லாம் இடப்பக்கம். அதில் சங்கமும் சரி, அரசாங்கமும் சரி, சொந்தக்காரரும் சரி, கை வைக்க விடாதீர்கள். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மத சுதந்திரத்தைத் தருகிறது. பேச்சுக்கும் கூட்டத்துக்கும் சட்டத்தால் வரையறை போடலாம் என்று 15ஆம் உறுப்புரை சொல்கிறது. 10ஆம் உறுப்புரைக்கு அப்படி ஒரு வரையறையும் இல்லை.

எது வலப்பக்கம் போகும்? அதற்கு என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் உண்டு: இது என் வேலியைத் தாண்டுகிறதா?

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுத்தந்தது ஒரு மான். நகருக்குள் புள்ளிமான்கள் சர்வசாதாரணமாகத் திரிவது இங்கே எல்லாருக்கும் தெரியும். ஒருநாள் விடியற்காலை படலையைத் திறக்கிறேன், ஒழுங்கையில் ஒரு பெண்மான் நிற்கிறது. வாயில் பாதி உள்ளே, பாதி வெளியே ஒரு சொப்பிங் பை. அது தலையை உதற உதற, பைக்குள்ளிருந்து நீலமும் வெள்ளையுமாகத் துண்டுத் துணிகள் விழுந்தன. பள்ளிச் சீருடைக்கு வெட்டிய மிச்சம். முந்தின நாள் நான் வெட்டியது. மீன் செதிலையும் சோற்றையும் அதே பையில் போட்டு முடிந்து, வண்டி வருவதற்கு முதல் நாளே வெளியில் வைத்திருந்தேன். பை என்னுடையது, குப்பை என்னுடையது, படலை என்னுடையது. மானின் வயிறு என்னுடையதா? பொலித்தீன் தின்று செத்த மான்களைப் பற்றி இந்த ஊரில் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம், என் கையால் முடிந்த பையைப் பார்க்கும்வரை அது யாரோ செய்கிற வேலை என்றே நினைத்திருந்தேன். அன்றிலிருந்து சமையல் கழிவு வளவில் குழிக்குள், துணித்துண்டு தனி உரப்பையில், பை வெளியே போவது வண்டி வரும் காலையில்.

நுளம்பும் இப்படித்தான். 2017இல் நாடு முழுவதும் 1,86,000க்கும் மேல் டெங்கு நோயாளர் பதிவானார்கள். அந்த மார்ச் மாதம் கிண்ணியா பட்ட பாட்டை நாங்கள் மறக்கமாட்டோம். அங்கிருந்து என்னிடம் உடுப்புத் தைக்க வரும் தங்கச்சி ஒரு மாதமாக வரவில்லை, அவளுடைய மகன் ஆஸ்பத்திரியில். பிறகு சுகமாகிவிட்டான். ஒரு சிரட்டைத் தண்ணீரில் முட்டை நுளம்பாவதற்கு ஒரு கிழமை போதும். அதனால் கிழமைக்கு ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு வெள்ளி. பேணி, சிரட்டை, டயர், பூச்சாடித் தட்டு, பீலி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு எல்லாம் பாருங்கள். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லாரும் விடுவார்கள். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் வளவுக்காரரிடம் இதைக் கேட்கிறது. பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வருவார் என்று பயந்து செய்தாலும் சரி, செய்தால் போதும்.

அடுத்த பக்கத்தில் "வாங்கியது". தங்கையின் மகன் முதலில் பேனையை எடுக்கவே இல்லை. பாடப்புத்தகம், சீருடைத் துணி, பள்ளி, ஆஸ்பத்திரி, அவன் பிறந்த வார்டு என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்ல எழுதினான். காசு கொடுத்தது யார்? 2024 ஜனவரி 1 முதல் வற் வரி 18 வீதம். தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் பெண் வாங்கும் சோப்பிலும் அது இருக்கிறது. நான் நாட்டுக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்றால் முதலில் அவளுக்குத்தான்.

மூன்றாவது பக்கம் "வரவேண்டியது". இதை விட்டுவிடாதீர்கள். எங்கள் கூரையை அங்கேதான் எழுதினேன். வாங்கியதை எழுதினால் வரவேண்டியது அழிந்துபோகாது. பட்டதைப் பேசாமல் இருப்பதுதான் நாட்டுப்பற்று என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அரசியலமைப்பின் 28ஆம் உறுப்புரை ஒவ்வொருவருக்கும் கடமைகள் சொல்கிறது: சட்டத்தைக் காப்பது, தொழிலை மனச்சாட்சியோடு செய்வது, பொதுச் சொத்தைப் பாதுகாப்பது, இயற்கையைப் பேணுவது, மற்றவரின் உரிமையை மதிப்பது. தேசிய ஐக்கியத்தை வளர்ப்பதும் அதில் ஒன்று. ஆனால் 29ஆம் உறுப்புரை, இந்தக் கடமைகளை நீதிமன்றத்தில் வலியுறுத்த முடியாது என்கிறது. அடிப்படை உரிமை மீறப்பட்டால் மட்டும் 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். எனக்கு இது சரியென்றே படுகிறது. தையலை மனச்சாட்சியோடு தைத்தேனா என்று எந்த நீதவான் பார்க்க முடியும்?

இனிச் சிரமதானம். நாங்கள் செய்த பிழையைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள். ஒருமுறை வராதவர்களின் பெயரைக் கூட்டத்தில் வாசித்தோம். அதில் ஒருவர் இரவெல்லாம் கடலில் நின்றுவிட்டு விடிய வந்து படுத்தவர். ஒரு பிள்ளை ஆஸ்பத்திரியில் இரவுக் கடமை. மீன்பிடிக்கிற அண்ணை ஆறு மாதம் என்னோடு கதைக்கவில்லை. இப்போது ஆள் கேட்பதில்லை, பங்கு கேட்கிறோம். பத்து நாளுக்கு முன் கொப்பி வீடு வீடாகப் போகும். மண்வெட்டி பிடிப்பது, தேத்தண்ணி ஊற்றுவது, கானில் அள்ளியதை ஏற்ற வாகனம் தருவது, கடிதம் எழுதுவது, பிள்ளைகளைப் பார்ப்பது என்று வேலைகள் எழுதியிருக்கும். விரும்பியதற்கு நேரே பெயர் போடலாம். ஒன்றும் முடியாவிட்டால் வெறுமையாக விடலாம், கேள்வி கிடையாது. இரண்டாம் தடவையே அந்த அண்ணை தன் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை எழுதிவிட்டார்.

வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று வருடாவருடம் கிராம அலுவலரிடம் பாருங்கள். யாருக்குப் போடுவது என்பது இடப்பக்கம், பெயர் இருப்பது வலப்பக்கம்.

அப்புறம், நாங்கள் அள்ளுகிறோம் என்பதற்காக அரசாங்க அலுவலகங்கள் செய்யவேண்டிய வேலையை விட்டுக்கொடுக்க வேண்டாம். எங்கள் ஒழுங்கைக் கானின் உடைந்த கொங்கிரீட்டைப் பற்றி ஒரு அலுவலகத்தில் மூன்று முறை வாயால் சொன்னோம், தலையாட்டினார்கள். நான்காவது முறை தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. "கான் ஏன் திருத்தவில்லை" என்று கேட்டால் மழுப்புவார்கள். "இந்த ஒழுங்கைக் கானுக்கு எந்த ஆண்டில் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, மதிப்பீட்டின் பிரதி தருக" என்று கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அங்குள்ள குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

அந்தக் கடிதத்தை எழுதியது தங்கையின் மகன்தான். கொப்பி போனபோது மண்வெட்டிக்கு நேரே பெயர் போடாமல் "கடிதம்" என்ற இடத்தில் போட்டான். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கொப்பியில் ஒட்டி, பக்கத்தில் 14 கட்டம் கீறி நாளுக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டு வந்தான். பதினோராவது கட்டத்தில் பதில் வந்தது, மதிப்பீட்டின் பிரதியோடு. அவனுடைய விசா விண்ணப்பமும் அதே கொப்பிக்குள் மடித்தபடி இருக்கிறது. அது இடப்பக்கம், நான் கேட்பதில்லை.