படகுக்கு பிரேக் கிடையாது

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் படகு நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர் தாண்டும். எதிரில் அதே வேகத்தில் இன்னொன்று வந்தால், நடுவே இருக்கும் 100 மீட்டர் நாலு நொடிகூடத் தாங்காது. கடைசி நேரத்தில் த்ராட்டிலை, அதாவது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடியை, மொத்தமாக மூடினால், படகின் பின்னால் வெளியே மாட்டியிருக்கும் அவுட்போர்டு எஞ்சினில் ஸ்டீயரிங் பிடியும் போய்விடும். அதனால் முன்கூட்டியே வேகத்தைக் குறையுங்கள்.

நான் எப்போதும் செய்வது இது: குறுக்கே வரும் படகை முன்கண்ணாடியின் கம்பியோடு பொருத்திப் பார்ப்பேன். நாம் நேராகப் போகும்போது, அது கம்பியை விட்டு நகராமல் பெரிதாகிக்கொண்டே வந்தால் மோதப் போகிறது என்று அர்த்தம். கடலில் மோதலைத் தவிர்க்கும் 1972 சர்வதேச விதிப்படி, வலப்பக்கத்திலிருந்து குறுக்கே வரும் விசைப்படகுக்கு நாம்தான் வழிவிட வேண்டும். நேருக்கு நேர் என்றால் இருவருமே வலப்பக்கம் திரும்ப வேண்டும்.

எஞ்சினை நிறுத்தும் அந்தச் சுருள் கயிற்றை, தயவுசெய்து, கிளம்பும் முன்பே காலில் மாட்டுங்கள். அடுத்த படகு கிளப்பிய அலையில் ஏறி என் நண்பர் தண்ணீரில் விழுந்தபோது, கயிறு இழுபட்டு எஞ்சின் அந்த நொடியே நின்றது. புரொப்பல்லர் அவருக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது.