சிறு குழந்தைகளுக்கு ஆங்கிலம்: எழுத்துக்கு முன் செவி

சிறு குழந்தைகளுக்கு ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிக்கும்போது, எழுத்துகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என ஒதுக்கிவைத்து, எளிய கட்டளைகளிலிருந்து தொடங்குங்கள். "ஸ்டாண்ட் அப்", "டச் த டோர்" என்று சொல்லிக்கொண்டே நீங்களும் செய்து காட்டினால், குழந்தை சொல்லின் பொருளை உடலசைவின் வழியே பிடித்துக்கொள்ளும். 1960களில் உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் வளர்த்தெடுத்த முறை இது. அடுத்த கட்டமாக, நீங்கள் அசையாமல் நின்று சொல்லை மட்டும் சொல்லிப் பாருங்கள். குழந்தை தானாகவே கதவை நோக்கி நடந்தால், அதற்குப் புரிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

சில குழந்தைகள் வாரக்கணக்கில், ஏன், மாதக்கணக்கில்கூட வாய் திறவாமல் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இது இயல்பானதுதான், இந்நிலையில் பேசச் சொல்லி வற்புறுத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. படத்தைச் சுட்டிக்காட்டுவதும் தலையசைப்பதும் முழுமையான விடைகளே.

குழந்தை "ஹீ கோ ஹோம்" என்று சொன்னால், தவறு என்று இடைமறிக்காமல், "யெஸ், ஹீ இஸ் கோயிங் ஹோம்" என்று சரியான வடிவத்தையே மறுமொழியாகச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். ஒரே படக்கதையைப் பல நாள்கள் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டுங்கள். சலிப்பு பெரும்பாலும் பெரியவர்களுக்குத்தான் வரும். எழுத்துகளுக்கு வரும்போது, "எம்" என்ற பெயருக்கு முன்பாக "ம்" என்ற ஒலியைப் பழக்குங்கள்.