டைப் 1 சர்க்கரை நோயுள்ள குழந்தைக்குக் காய்ச்சல், வாந்தி வந்தால்: படிப்படியாக என்ன செய்வது?

சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு எது வந்தாலும் பெற்றோருக்கு முதலில் எழும் கேள்வி இதுதான்: "பிள்ளை ஒன்றுமே சாப்பிடவில்லையே, இன்சுலின் போடலாமா?"

போட்டே ஆக வேண்டும். நோய்த்தொற்றை எதிர்த்து உடல் சுரக்கும் கார்டிசால், அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள், கல்லீரலில் இருக்கும் சர்க்கரையை இரத்தத்தில் கொட்டுகின்றன. இன்சுலினையும் சரியாக வேலை செய்ய விடுவதில்லை. அதனால் பட்டினி கிடக்கும் பிள்ளைக்கும் சர்க்கரை ஏறும். அந்த நேரத்தில் ஊசியையும் நிறுத்திவிட்டால் உடல் கொழுப்பைக் கரைக்கத் தொடங்கி, கீட்டோன் என்ற அமிலம் இரத்தத்தில் சேரும். உயிருக்கு ஆபத்து அங்கிருந்துதான் வருகிறது.

படி 1: நன்றாக இருக்கும் நாளிலேயே தயாராகுங்கள்

குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப்புகள், கீட்டோன் ஸ்ட்ரிப்புகள், தெர்மாமீட்டர், ஓஆர்எஸ் பாக்கெட், குளுக்கோஸ், சர்க்கரை ஆபத்தாக இறங்கினால் போடும் குளுக்ககான் ஊசி எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வையுங்கள். காலாவதி தேதியை அவ்வப்போது பாருங்கள். காய்ச்சல் வந்தால் எவ்வளவு இன்சுலின் கூட்டுவது, குறைப்பது என்று மருத்துவரிடம் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரவு இரண்டு மணிக்கு அந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

படி 2: அளந்து, எழுதுங்கள்

சர்க்கரையை 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள், இரவிலும்தான். குழந்தையின் விரலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே குத்த வேண்டும். பழச்சாறு ஒட்டிய விரல் பொய்யாக உயர்த்திக் காட்டும். உடலில் ஒட்டும் சென்சார் இருந்தால், பாராசிட்டமால் கொடுத்த பின் சில வகைச் சென்சார்கள் தவறாகக் காட்டும் என்பதால் விரலிலும் சரிபாருங்கள்.

சர்க்கரை சரியாக இருக்கிறதே என்று கீட்டோனை விட்டுவிடாதீர்கள். வாந்தி, பேதியில் சர்க்கரை சாதாரணமாக இருக்கும்போதே கீட்டோன் ஏறுவதுண்டு. இரத்தக் கீட்டோன் அளவை இப்படிப் படியுங்கள்:

- லிட்டருக்கு 0.6 மில்லிமோலுக்குக் கீழே: கவலை இல்லை.
- 0.6 முதல் 1.5: கூடுதல் இன்சுலினும் நீரும் தேவை; 2 மணி நேரத்தில் மறுபடி அளக்க வேண்டும்.
- 1.5க்கு மேல்: உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.
- 3க்கு மேல்: ஆஸ்பத்திரி.

சிறுநீர் ஸ்ட்ரிப் சில மணி நேரத்துக்கு முந்தைய நிலையைத்தான் சொல்லும். முடிந்தால் இரத்தத்தில் பார்ப்பதே நல்லது.

படி 3: இன்சுலின்

நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை ஒருபோதும் நிறுத்தக் கூடாது. வாந்தி, பேதியால் சர்க்கரை இறங்கினால் மருத்துவரைக் கேட்டு அளவைக் குறைக்கலாம், அவ்வளவே.

கீட்டோன் ஏறினால், ஒரு நாளில் போடும் மொத்த இன்சுலினில் (நீண்டது, குறுகியது இரண்டும் சேர்த்து) 5 முதல் 20 சதவீதம் வரை, விரைவாக வேலை செய்யும் இன்சுலினாகக் கூடுதலாகப் போடுவது வழக்கம். மொத்தம் 30 யூனிட் என்றால் 10 சதவீதம் 3 யூனிட். உங்கள் குழந்தைக்கு எத்தனை சதவீதம் என்பது மருத்துவர் எழுதித் தந்த தாளில் இருக்க வேண்டும். இன்சுலின் பம்ப் போட்டிருந்தால் குழாய் அடைத்திருக்கலாம்: கூடுதல் இன்சுலினை இன்சுலின் பேனாவில் போட்டுவிட்டு, பம்பின் செட்டை (உடலில் குத்தும் ஊசியும் குழாயும்) மாற்றுங்கள்.

படி 4: நீர்

சர்க்கரை 180க்கு மேல் இருந்தால் இனிப்பில்லாத நீர், கீழே இருந்தால் இனிப்புள்ள நீர். கீட்டோனும் இருந்து சர்க்கரையும் குறைவாக இருந்தால், முதலில் இனிப்பு நீர் கொடுத்துச் சர்க்கரையை ஏற்றிவிட்டே கூடுதல் இன்சுலின் போட வேண்டும். வாந்தி எடுத்த பிள்ளைக்கு டம்ளர் நிறையக் கொடுத்தால் மறுபடி வெளியே வரும். 5 நிமிடத்துக்கு ஒரு டீஸ்பூன் போதும்.

படி 5: தொற்று எங்கே என்று தேடுங்கள்

சர்க்கரை நெடுநாள் கட்டுக்கு மீறி இருந்தால் வெள்ளை அணுக்கள் மந்தமாகும். தொற்றும் எளிதில் ஆறாது. வாயில் வெள்ளைப் படலம், டயபர் பகுதியிலும் பிறப்புறுப்பிலும் சிவப்பு, அரிப்பு இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். களிம்பு மட்டும் தடவினால் திரும்பத் திரும்ப வரும். சர்க்கரையையும் இறக்க வேண்டும். அடிக்கடி சிறுநீர் போவதை "சுகர் கூடியிருக்கிறது" என்று தள்ளிவிடாதீர்கள். எரிச்சலோ காய்ச்சலோ சேர்ந்தால் சிறுநீர்ப் பரிசோதனை வேண்டும். பம்ப் செட் குத்திய இடம் சிவந்து, சூடாகி, சீழ் வைத்தால் உடனே எடுத்துவிட்டு வேறிடத்தில் போட்டு, மருத்துவரிடம் காட்டுங்கள். சாதாரணமாகவே 2-3 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பல், ஈறு, பாதம் மூன்றையும் பாருங்கள்.

சிரப்பில் இனிப்பு இருக்கிறதே என்று மருந்தைத் தவிர்க்க வேண்டாம். ஸ்டீராய்டு கொடுத்தால் மட்டும் சர்க்கரை நன்றாக ஏறும். இன்சுலின் அளவை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் கூடாது. ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ தடுப்பூசியையும், மருத்துவர் சொல்லும்போது போடும் நியூமோகாக்கல் (நிமோனியா) தடுப்பூசியையும் விட்டுவிடாதீர்கள்.

படி 6: எப்போது கிளம்ப வேண்டும்?

வாந்தி 2 மணி நேரத்துக்கு மேல் நிற்காவிட்டால், கூடுதல் இன்சுலின் போட்டும் கீட்டோன் இறங்காவிட்டால், வயிற்று வலி, ஆழமான வேகமான மூச்சு, மூச்சில் பழ வாசனை, மயக்கம், குழப்பமான பேச்சு இவற்றில் ஒன்று வந்தாலும், சர்க்கரையை 70க்கு மேல் நிறுத்தி வைக்க முடியாவிட்டாலும் காத்திருக்காதீர்கள். கைக்குழந்தை என்றால் இன்னும் சீக்கிரம் கிளம்புங்கள். சின்ன உடலில் நீர் வேகமாக வற்றும். அளவுகள் எழுதிய தாளையும் இன்சுலினையும் எடுத்துக்கொண்டு, உள்ளே நுழைந்ததும் முதல் வார்த்தையாக "டைப் 1, கீட்டோன் இவ்வளவு" என்று சொல்லுங்கள்.